தம்பாவில் கடலோர வீடு வாங்கலாமா?

வணக்கம். நியூ ஜெர்சியை விட்டு ஃபுளோரிடாவுக்கு வந்தால் மாநில வருமான வரி மிச்சம், அந்தப் பணத்தில் தம்பா பக்கம் கடலோரமாக வீடு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் மிச்சமாவதில் நல்ல பங்கை வீட்டுக் காப்பீடு விழுங்கிவிடலாம்.

சாதாரணக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது. அதற்குத் தனி பாலிசி. அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். புயல் செய்தி வந்தபின் ஓடிப் பயனில்லை. 2024-இல் ஹெலீன் புயல் தம்பாவில் கரையைக் கடக்கவே இல்லை. ஆனாலும் விரிகுடாவைச் சுற்றியிருந்த வீடுகளுக்குள் கடல்நீர் புகுந்தது. இரண்டே வாரத்தில் மில்டன் புயல் வேறு.

அப்புறம், விற்பவர் கட்டும் சொத்து வரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சொந்தக் குடியிருப்புக்கு வரி மதிப்பீடு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறினால் அது சந்தை மதிப்புக்குத் தாவிவிடும். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

வெயில்? சென்னையில் வளர்ந்தவர் என்கிறீர்கள், சமாளிப்பீர்கள். டிசம்பரில் பனி அள்ள வேண்டாம், கொல்லையில் முருங்கை வளர்க்கலாம். அதில் எனக்குக் குறையே இல்லை.

நானாக இருந்தால் ஜூன் முதல் நவம்பர் வரையிலான புயல் பருவம் ஒன்றை வாடகை வீட்டில் கழித்துப் பார்ப்பேன். வீடு பிடித்துவிட்டால், முன்பணம் கொடுக்குமுன் அந்த முகவரி எந்த வெள்ள மண்டலத்தில் வருகிறது என்று அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் (FEMA) வரைபடத்தில் பாருங்கள்.