சீன மொழி தெரிந்த வெளிநாட்டவருக்குச் சீனர்களுடைய நகைச்சுவை பிடிபடுமா? சீனர்களைச் சிரிக்க வைக்க முடியுமா?

இரண்டுமே முடியும். ஆனால் மொழி வந்த கையோடு நகைச்சுவையும் வந்துவிடாது. வேலைக்காகப் பெய்ஜிங்குக்குப் பக்கத்து நகரமான தியான்ஜினில் இருந்த காலத்தில் அங்குள்ள தேநீர் அரங்குகளுக்குச் சியாங்ஷெங் பார்க்கப் போகும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதை வைத்துச் சொல்கிறேன்.

சியாங்ஷெங் என்பது பெரும்பாலும் இரண்டு பேர் நீள அங்கி போட்டுக்கொண்டு நின்று பேசும் நகைச்சுவை. 19-ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங் தெருக்களில் பிறந்து தியான்ஜினில் வளர்ந்தது என்பார்கள். ஒரு மேசை, மடிக்கும் விசிறி, கைக்குட்டை, தட்டுவதற்கு ஒரு மரக்கட்டை, சாமான் அவ்வளவுதான். மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் தோகென் அளந்து விடுவார். மேசைக்குப் பின்னால் நிற்கும் பெங்கென் "ம்", "அப்படியா", "அட போய்யா" என்று இடையில் போடுவார். நம் வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிறவர் மாதிரிதான், என்ன, இவர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். சிரிப்பு வருவது பாதி நேரம் இவரால்தான்.

முதலில் எனக்குப் புரியாமல் இருந்தது அப்பா ஜோக்குகள். பேச்சு எங்கே தொடங்கினாலும் சுற்றி வளைத்து "அப்படிப் பார்த்தால் நான் உனக்கு அப்பன்" என்ற இடத்துக்குக் கொண்டுவந்து விடுவார்கள். இன்றைய பெரிய நட்சத்திரம் குவோ தகாங், தன் கூட்டாளி யூ ச்சியெனின் அப்பாவைப் பற்றி மேடைக்கு மேடை புதுக்கதை கட்டுவார். யூ ச்சியெனுக்கு மூன்றே பொழுதுபோக்கு, சிகரெட், சாராயம், முடியைச் சுருட்டிக்கொள்வது என்பதும் அவர் விடாமல் சொல்லும் ஜோக். வெளியாள் காதுக்கு இந்த அப்பா ஜோக் வெறும் வசவு. ஆனால் யார் மூத்தவர், யாருக்கு யார் மரியாதை தர வேண்டும் என்பது சாப்பாட்டு மேசையில் உட்காரும் இடம் வரைக்கும் பார்க்கப்படும் ஊரில், ஒருவன் நைசாக ஒரு தலைமுறை மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறான் என்பதுதான் அங்கே வேடிக்கை. நாலைந்து கல்யாண விருந்துகளில் உட்கார்ந்து எழுந்தால் தானாகவே சிரிப்பு வந்துவிடும். இலக்கணப் புத்தகத்தில் இது இல்லை.

மேடைக்கு வெளியே அதே மூப்பு விளையாட்டல்ல. குருவுக்கு மண்டியிட்டுச் சீடராவது, இன்ன தலைமுறை என்று கணக்கு வைப்பது எல்லாம் இன்றும் உண்டு. அந்த வரிசைக்குள் முறைப்படி நுழைந்த முதல் வெளிநாட்டவர் கனடாவின் மார்க் ரோஸ்வெல். 1988-இல் பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவராக ஒரு தொலைக்காட்சிக் குறுநாடகத்தில் நடித்தார். ராத்திரி நேரம் கழித்து வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பெண்டாட்டியைக் கூப்பிடும் புருஷன் வேஷம். அந்தப் பாத்திரத்தின் பெயரான தாஷான் அவருக்கே நிலைத்துவிட்டது. அடுத்த வருஷம் சியாங்ஷெங் கலைஞர் ஜியாங் குன் அவரைச் சீடராக ஏற்றார்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மக்கள் சிரித்தது ஜோக்குக்கு மட்டும் அல்ல. பொன்னிறத் தலையிலிருந்து சுத்தமான பெய்ஜிங் பேச்சு வருகிறதே என்ற ஆச்சரியமும் அதில் சரிபாதி. சுலபமாகக் கிடைக்கும் கைதட்டல் அது. பல வருஷம் கழித்து அவர் தனியாளாக ஸ்டாண்ட்-அப் செய்யத் தொடங்கி, சீனாவில் வெளிநாட்டுக்காரனாக வாழ்வதையே விஷயமாக எடுத்துக்கொண்டார். எனக்கு அந்தத் தாஷானைத்தான் பிடிக்கும்.

இந்த ஆச்சரியச் சிரிப்பை நானும் வாங்கியிருக்கிறேன். ஒரு நாள் தோகென் பார்வையாளர்களுக்கு நடுவே இருந்த என்னைக் கைகாட்டி, "அவருக்கே புரிந்துவிட்டது, உனக்கு இன்னும் புரியவில்லையா?" என்று கூட்டாளியைக் கேட்டார். அரங்கமே சிரித்தது. எனக்கு உண்மையில் பாதிதான் புரிந்திருந்தது, அது வேறு விஷயம். தியான்ஜின் பார்வையாளர்கள் சும்மா உட்கார மாட்டார்கள். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே நடிகருக்கு முன்னால் வரியை முடித்து வைப்பார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பதார்த்தங்களின் பெயரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பழைய உருப்படி ஒன்று உண்டு. ஆவியில் வேகவைத்த ஆட்டுக்குட்டியில் தொடங்கி, கரடிப் பாதம், மான் வால் என்று ஓடும். பட்டியல் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு இவன் எங்கே தடுக்குவான் என்று பார்க்கத்தான் காத்திருப்பார்கள்.

முறையாகக் கற்க விரும்பும் வெளிநாட்டவருக்கு ஒரு காலத்தில் திங் குவாங்ச்சுவான் இருந்தார். பெரிய மேதையான ஹோ பாவ்லினின் சீடர். காசு வாங்காமல் பல நாட்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், 2018-இல் காலமானார். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜெஸ்ஸி ஆப்பெல் அவரிடம் கற்று வந்தவர்தான்.

அப்புறம், புதிதாகப் பெருகிய ஸ்டாண்ட்-அப் பற்றி ஒன்று. மொழி அளவில் அது சியாங்ஷெங்கைவிட எளிது. எதைச் சொல்லலாம் என்பதுதான் கஷ்டம். 2023-இல் ஒருவர் ராணுவம் தொடர்பான ஒரு முழக்கத்தை, அணிலைத் துரத்திய நாய்களுக்குப் பொருத்திப் பேசினார். அவருடைய நிறுவனத்துக்கு 1.3 கோடி யுவானுக்கு மேல் அபராதம் விழுந்தது. மேடையேற நினைக்கும் வெளியாள் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மொழியே தெரியாதவர்கள் 1984 வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நகைச்சுவை நடிகர் சென் பெய்சி செய்த நூடுல்ஸ் குறுநாடகத்தைத் தேடிப் பாருங்கள். சினிமா வாய்ப்புக்காக வந்தவனை டேக் மேல் டேக் என்று தின்ன வைத்தே சாகடிப்பார்கள். கிண்ணத்தில் நூடுல்ஸ் கிடையாது, எல்லாம் நடிப்பு. கொஞ்சம் மொழி வந்ததும் குவோ தகாங். ஹோ பாவ்லினைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வட்டார வழக்கும் பெய்ஜிங் ஓபெராவும் ஓரளவு காதில் ஏறிய பிறகுதான் அவர் ருசிப்பார்.