வெங்காரம் வேண்டாம், வலியைக் கொறச்சுட்டுக் குடிக்கக் குடுங்க

கேள்வி: பையனுக்கு மூணு வயசு, 12 கிலோ இருக்கான். நேத்துலருந்து நாக்குலயும் உள்கன்னத்துலயும் புண்ணு, எச்சி ஒழுகுது, பால்கூட குடிக்க மாட்டேங்கான். அத்தை வெங்காரத்தப் பொரிச்சு தேன்ல குழச்சு தடவச் சொல்றாங்க. தடவலாமா?
– ஒரு தாய், புளியரை

பதில்: வேண்டாம்மா. அத்தை பாசத்துலதான் சொல்றாங்க, நம்ம பக்கம் காலங்காலமா தடவுறதுதான், ஆனா வெங்காரம்ங்கது போராக்ஸ், பிள்ளை துப்பாது முழுங்கிரும், உள்ள போனா விஷம். வெறும் தேன்னா ஒரு வயசு தாண்டின பிள்ளைக்குக் குடுக்கலாம், அதுக்குக் கீழ நக்கக்கூட குடுக்கக்கூடாது. மெடிக்கல்ல விக்கிற மரத்துப்போற ஜெல்லும் டாக்டர் சொல்லாம வேண்டாம்.

புண்ணு பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள்ல தானா ஆறிரும். அதுவரைக்கும் பிள்ளை உடம்புல தண்ணி வத்தாம பாத்துக்கணும், அதான் முக்கியம். வலிச்சா குடிக்க மாட்டான், அதனால மொதல்ல பாராசிட்டமால் சிரப். கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு, ஒங்க பையனுக்கு 180. பாட்டில்ல 5 மில்லிக்கு 120னு போட்டிருந்தா ஏழரை மில்லி, 250னு போட்டிருந்தா மூணரை மில்லி, லேபிளப் பாத்து மூடியில அளந்து ஊத்துங்க. ஆறு மணி நேரம் விட்டுத்தான் அடுத்தது, நாளைக்கு நாலு தடவைக்கு மேல கூடாது. ஆஸ்பிரின் கூடவே கூடாது.

மருந்து குடுத்து அரைமணி நேரம் கழிச்சு எளநி, புளிக்காத தயிர், ஆறின கஞ்சி, பிரிட்ஜ்ல வச்ச பால்னு எதையாவது சின்னக் கரண்டியில எடுத்து, புண்ணில்லாத பக்கமா கடவாய்ல கொஞ்சங்கொஞ்சமா விடுங்க, தலையப் புடிச்சு அழுத்தி ஊத்தாதீங்க பாவம். ஐஸ்கிரீம் கேட்டா தாராளமா குடுங்க, இப்ப சளி புடிக்குமேன்னு பாக்காதீங்க. ரசம், ஆரஞ்சு ஜூஸ், சிப்ஸ் எரியும். மணத்தக்காளிக் கீரையெல்லாம் புண்ணு ஆறினப்புறம் பாத்துக்கலாம்.

உள்ளங்கை, உள்ளங்கால், புட்டத்துல செவப்பா கொப்புளம் இருக்கான்னும் பாருங்க. இருந்தா அது கை-கால்-வாய் நோயா இருக்கலாம், 2022 மே மாசம் கொல்லத்துல தக்காளிக் காய்ச்சல்னு பிள்ளைங்களுக்குப் பரவுச்சே, அந்த வகைதான். வைரஸ்ங்கதால ஆன்ட்டிபயாடிக் வேலைக்காகாது, கேட்டு வாங்காதீங்க. அங்கன்வாடிக்கு அனுப்பாதீங்க, ஆய் கழுவிவிட்டா சோப்பு போட்டுக் கை கழுவுங்க, புண்ணு ஆறினாலும் மலத்துல கிருமி வாரக்கணக்குல இருக்கும்.

எட்டு மணி நேரமா ஒண்ணுக்குப் போகல, அழுதா கண்ணீர் வரல, மூணு நாளுக்கு மேல காய்ச்சல் விடல, தூக்கத்துல திடுக்குதிடுக்குனு துள்ளுறான், எழுப்பினாலும் சோந்து கெடக்கான், இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரின்னு பாக்காம தென்காசி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருங்க. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்னு இப்பவே அத்தைகிட்டயும் கேட்டுப் பாருங்க.