அட்டைப்படத்தில் யார்?

அன்புள்ள ஐயா,

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தரம் படிக்கிறேன். எங்கள் தமிழ் மன்றச் சஞ்சிகைக்கு இவ்வருடம் நான்தான் ஆசிரியர். அட்டைக்காகத் தோழிகள் நால்வருக்குச் சேலை உடுத்தி, கூடை மாட்டி, தேயிலைக்குள் நிறுத்திப் படம் எடுத்தோம். எல்லோரும் அழகு என்றார்கள். கொழுந்து பறிக்கும் ஒரு தோழியின் அம்மா மட்டும், "கல்யாணத்துக்குப் போகிற வழியில் மலைக்குள் இறங்கிவிட்டார்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அதன்பின் அந்தப் படத்தைப் போட மனம் வரவில்லை. மறுபடி எடுக்க ஆசிரியை சம்மதித்துவிட்டார். எப்படித் திட்டமிடலாம்?

ஒரு மாணவி, டிக்கோயா

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வெளிச்சத்தில் குறையில்லை. ஆனால் கூடைக் கயிறு புத்தகப் பை போலத் தோளில் கிடக்கிறது. உங்கள் தோழியின் அம்மா அதைத் துண்டு மடித்த தலையில் அல்லவா தாங்குகிறார்? இடுப்பில் சேலைக்கு மேல் சுற்றும் படங்குத் துணி இல்லை. கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல் ஒன்றுகூட இல்லை. போதாததற்கு, பல தோட்டங்களில் கூடையே போய் நைலோன் பை வந்துவிட்டது. சுற்றுலாப் பயணிகளுக்காக வீதியோரம் நிற்கும் வேடத்தை நீங்கள் இரவல் வாங்கியிருக்கிறீர்கள். கொழுந்து எடுப்பவர்களின் பிள்ளைகளுக்கு அது எதற்கு?

பொகவந்தலாவை உங்களுக்குப் பக்கம்தான். அங்குள்ள சென் மேரிஸ் தேவாலயத்தில் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூனின் கல்லறை இருக்கிறது. விஞ்ஞானி டார்வினையும் கவிஞர் டெனிசனையும் இங்கிலாந்தில் படம் எடுத்தவர். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இந்த மலையிலேயே இறந்தார். இங்கும் தொழிலாளரைப் படம் எடுத்தார், மிக நேர்த்தியாக. ஆனால் அங்கே டார்வின் டார்வினாக நிற்க, இங்கே எடுத்த பெரும்பாலான படங்களில் இருப்பவர் யாரென்று தெரிவதில்லை. எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும். பார்க்கும்போதெல்லாம் கோபமும் வரும். அவருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருந்ததோ என்னவோ, உங்களுக்கு இருக்கிறது. அந்த அம்மா உங்கள் வீட்டிலிருந்து நாலு லயம், அதாவது நாலு வரிசை வீடு, தள்ளி இருப்பார்.

ஆகவே இடத்தையும் நேரத்தையும் பிறகு பாருங்கள். முதலில் யாரை எடுக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்து, அவரிடமே போய்ப் பேசுங்கள். நான் என்றால் சிரித்த அந்த அம்மாவையே கேட்பேன். எப்படி நிற்பது, எதை உடுத்துவது, எந்தப் படம் அட்டைக்குப் போகும் என்பதில் அவர் சொல்வதும் எடுபடட்டும். சம்மதித்தால் படத்தின் கீழே முழுப்பெயரைப் போடுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். தோட்ட அலுவலகத்திலும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

பறிக்கும் கையை மட்டும் நிறுத்தாதீர்கள். அன்றைக்குரிய கிலோ குறைந்தால் அவர் சம்பளத்தில்தான் வெட்டு விழும், உங்கள் சஞ்சிகை அதைக் கொடுக்காது. மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும் நேரம் நல்லது. தராசைப் பார்க்கும் முகங்களில் யாரும் சொல்லிக்கொடுக்காத பாவனை இருக்கும்: எத்தனை கிலோ கழிப்பார்களோ என்ற கணக்கு.

தேயிலையே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம்தான். மலையகம் என்றால் தேயிலைக் கொழுந்து என்று அட்டை போடுவது நமக்கே பழகிவிட்டது. தோட்டத்துச் சேற்றைச் செருப்போடு கடந்து, பஸ் தரிப்பிடத்தில் பையிலிருந்து வெள்ளைச் சப்பாத்தை எடுத்து மாட்டும் உங்கள் வகுப்புப் பிள்ளைகளை ஏன் யாரும் எடுப்பதில்லை? அதற்கு வேடமே தேவையில்லை. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினால் போதும்.

இனிச் சில்லறை விஷயங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், அதற்கு முன் முடியுங்கள். பனிமூட்டத்தில் கமரா ஏமாந்து படத்தை மங்கலாக்கும், வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். படத்தை நிமிர்த்தி எடுத்து, மேற்பகுதியில் தலைப்புக்கு இடம் விடுங்கள். ஏ4 அட்டை தெளிவாக அச்சாக 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். திரையில் மின்னும் தேயிலைப் பச்சை தாளில் மங்கும். ஒரு மாதிரிப் பிரதி அச்சிட்டுப் பார்க்காமல் அச்சகத்துக்குச் சரி சொல்லிவிடாதீர்கள்.