ஏர் ரைஃபிள் குழலில் துரு: முதலில் உறையிலிருந்து எடுங்கள்

ஸ்பாஞ்ச் வைத்த ஜிப் உறையில் வைத்திருக்கும் ஏர் ரைஃபிளின் குழல், எண்ணெய் போட்டும் ஆடியில் துருப்பிடிக்கிறது என்றால், ரைஃபிளை அந்த உறையிலிருந்து இன்றைக்கே வெளியே எடுங்கள். பொள்ளாச்சிச் சாரலில் ஸ்பாஞ்ச் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஜிப்பை மூடினால் அந்த ஈரம் இரும்போடுதான் கிடக்கும். என்னுடையதில் ஸ்பாஞ்ச் பட்ட பக்கம் மட்டும் காபித்தூள் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக இருந்தது.

உங்களுடையதும் அப்படித்தானா என்று பாருங்கள். அப்புறம் பத்து நாள், குண்டு இல்லாமல், பூட்டிய பீரோவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் சிக்கு வாடையடித்துக் கெட்டுவிடும். துப்பாக்கி எண்ணெயையும் வெளிப்புறம் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். ஸ்பிரிங் பிஸ்டன் ரைஃபிளில், அதாவது ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்திச் சுடும் வகையில், அந்த எண்ணெய் காற்றறைக்குள் இறங்கினால், சுடும்போது அழுத்தச் சூட்டில் தீப்பற்றி, காற்று கசியாமல் அடைக்கும் சீலைக் கெடுத்துவிடும்.