கிட்னி கேள்வி பதில்: பலாச்சுளை முதல் எம்.ஜி.ஆர். வரை

பண்ருட்டி: அப்பாவுக்கு வாரம் மூணு டயாலிசிஸ். பலா சீசன். ரெண்டு சுளை தரலாமா?

100 கிராம் பலாச்சுளையில் சுமார் 450 மி.கி. பொட்டாசியம். வாழைப்பழத்தைவிட அதிகம். சிறுநீரகம் அதை வெளியே தள்ளாவிட்டால் ரத்தத்தில் ஏறி, முன்னறிவிப்பே இல்லாமல் இதயத்தை நிறுத்திவிடும். திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் நீண்ட இடைவெளி. ஞாயிறு விருந்தில்தான் சுளையும் வரும்! கடைசி ரிப்போர்ட்டைக் காட்டி டாக்டரைக் கேட்காமல் ஒரு சுளைகூடக் கொடுக்காதீர்கள். முந்திரியில் பொட்டாசியத்தோடு பாஸ்பரஸும் சேர்ந்து வரும். இளநீர் கூடவே கூடாது. 'லோ சோடியம்' உப்பு வாங்கி வைத்திருந்தால் தூக்கிப் போடுங்கள். அதில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம்.

கடலூர் முதுநகர்: கிரியேட்டினின் 1.8. கால் வீக்கம் இல்லை. பயப்படணுமா சார்?

வீக்கம் இல்லாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய ரத்தக் கழிவு. சிறுநீரகத்தின் பாதி வேலை போகும்வரை அது சும்மா இருக்கும். சிறுநீரகம் எந்த வேகத்தில் வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்கிடச் சொல்லுங்கள். சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று காட்டும் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதமும் பாருங்கள். அது 30-க்கு மேல் வந்தால் மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம்: மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறீர்களா? அந்த வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதை முதலில் நிறுத்துங்கள்.

காராமணிக்குப்பம்: அம்மாவுக்குக் கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கு. என்ன கவனிக்கணும்?

ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் போடும் வழி. டயாலிசிஸ் ஊசி போடும் அளவுக்கு அது தயாராகக் குறைந்தது ஆறு வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம். காலையும் இரவும் அதன்மேல் விரல் வைத்துப் பாருங்கள். 'புர்ர்' என்று அதிர்வு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ரத்தம் உறைந்திருக்கலாம். நாளைக்கு என்று தள்ளாமல் அன்றைக்கே ஓடுங்கள். அந்தக் கையில் பி.பி. பார்ப்பது, ரத்தம் எடுப்பது, டிரிப் போடுவது, இறுக்கமான வளையல், தலைக்கு வைத்துப் படுப்பது எதுவும் ஆகாது. ஆஸ்பத்திரியில் புதிதாக வருகிற நர்ஸுக்குத் தெரியாமல் போகலாம். அம்மாவே சொல்லப் பழகட்டும்.

லாஸ்பேட்டை: எனக்குக் கிரியேட்டினின் 2.1. என்ன செய்யலாம்?

முதுநகர்காரருக்குச் சொன்னதேதான். வலி மாத்திரை உட்பட.

நெல்லிக்குப்பம்: எம்.ஜி.ஆருக்கு அமெரிக்காவுல கிட்னி வெச்சாங்க. நம்ம ஆளு செத்தா யார் கேக்கறா?

ஆதங்கம் புரிகிறது. 1984 அக்டோபரில் சென்னை அப்போலோ, பிறகு நியூயார்க் புரூக்ளின் டவுன்ஸ்டேட் மருத்துவமனை. டிசம்பரில் மாற்று அறுவை. கொடுத்தவர் அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி. படுக்கையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 1987 டிசம்பர் 24-இல் இறந்தார். அந்த வசதி எல்லோருக்கும் இல்லை என்பது சரி. ஆனால் அதே தானம் இன்று இந்தியாவில் நடந்தால் உறுப்பு தானத்துக்கான அங்கீகாரக் கமிட்டியிடம் அனுமதி கேட்க வேண்டும், தலைவரானாலும்.

நெல்லிக்குப்பம்: அண்ணன் மகள் ரத்த உறவு இல்லையா? என்ன சட்டம் இது?

1994 உறுப்பு மாற்றுச் சட்டமும் 2011 திருத்தமும் சொல்லும் 'நெருங்கிய உறவு' என்பது கணவன்/மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். பட்டியல் அவ்வளவுதான்.

வில்லியனூர்: மாமியார் மருமகனுக்குத் தர முன்வந்தாங்க. கமிட்டின்னு அலையவிட்டாங்க. பணம் இருந்தா அலைவாங்களா?

மாமியாரும் அந்தப் பட்டியலில் இல்லை அம்மா. கமிட்டி முக்கியமாகப் பார்ப்பது ஒன்றைத்தான்: கிட்னிக்குக் காசு கைமாறியதா? அதற்காகத் தருபவரின் வேலை, மூன்று ஆண்டு வருமானச் சான்று கேட்பார்கள். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். பெயரை முதலிலேயே திருத்திவிட்டுப் போங்கள். தருபவர் நெருங்கிய உறவாக இருந்தும் ரத்த வகை சேரவில்லை என்றால் இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளவும் திருத்தச் சட்டம் வழி விட்டிருக்கிறது. இன்னொன்று: தமிழ்நாடு முதல்வர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். அது நெல்லிக்குப்பத்துக்குப் பொருந்தும், வில்லியனூருக்குப் பொருந்தாது. புதுச்சேரி ரேஷன் கார்டோடு கடலூரில் வந்து கேட்டால் கிடைக்காது.

நெல்லிக்குப்பம்: அப்படின்னா தலைவர்களும் நாமும் ஒண்ணுன்னு சொல்றீங்களா?

இல்லை. படுக்கையும் விமானமும் வேறு. கிட்னி ஒன்றுதான். இந்த விவாதத்தை இங்கே விட்டுவிடலாம், இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

அரியாங்குப்பம்: டயாலிசிஸ் ஆரம்பிச்சா அவ்வளவுதானா?

ஜெயப்பிரகாஷ் நாராயணுக்கு நெருக்கடி நிலைக் காவலில் 1975-இல் சிறுநீரகம் போனது. டயாலிசிஸில் இருந்துகொண்டேதான் 1977-இல் எதிர்க்கட்சிகளை ஜனதா கட்சியாகச் சேர்த்து வைத்தார். 1979 வரை இருந்தார். அன்றைய இயந்திரத்தோடு! உங்கள் கையில் இருப்பது தண்ணீர்க் கணக்கு. முந்தின நாள் போன சிறுநீர் அளவும் கூட 500 மி.லி.யும், பொதுவாக அதுதான் ஒரு நாள் வரம்பு. அந்த அளவை காலையில் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். டீ, மோர், ரசம் எது குடித்தாலும் அதே அளவு பாட்டிலிலிருந்து கொட்டுங்கள். பாட்டில் காலியானால் அன்றைக்கு முடிந்தது. இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் ஒரு கிலோ எடை ஏறினால் அது ஒரு லிட்டர் தண்ணீர். தாகம் தாங்கவில்லையா? ஊறுகாய், கருவாடு, அப்பளத்தை நிறுத்துங்கள்.

கடலூர்: கிரியேட்டினின் 1.6. வாழைத்தண்டு சாறு குடிச்சா இறங்குமா?

இறங்காது. அதிலும் பொட்டாசியம் உண்டு. மாத்திரைப் பெட்டியை எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் பெயர் எழுதுங்கள், வலி மாத்திரை இருக்கிறதா பார்ப்போம்.