வேலூர் வெயிலில் ஹார்டி அல்லி பூக்குமா?

கேள்வி: வேலூரில் மொட்டை மாடியில் டப்பில் ஹார்டி அல்லி வளர்க்க ஆசை. அதற்கு எவ்வளவு வெப்பநிலை, எவ்வளவு ஈரப்பதம் வேண்டும்? மே மாதத்தைத் தாங்குமா?

ஹார்டி அல்லி, அதாவது குளிரைத் தாங்கும் அல்லி வகை, நம் வெயிலையும் தாங்கும். ஆனால் மொபைலில் காட்டும் 41 டிகிரியைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அது காற்றின் சூடு. அல்லியின் உயிர் இருப்பது அடியில், கிழங்கில். அங்கே தண்ணீர் எத்தனை டிகிரி என்பதுதான் கணக்கு. மீன் தொட்டிக்கு விற்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, நூல் கட்டிக் கிழங்கு மட்டத்துக்கு இறக்கி, மதியம் மூன்று மணிக்குப் பாருங்கள். 20 முதல் 28 வரை என்றால் அல்லிக்குக் கொண்டாட்டம். 32 வரைக்கும் சமாளித்துக்கொள்ளும். 35-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால்தான் சிக்கல்: புது இலை சிறுத்துப்போகும், மொட்டு மேலே வராமலே கருகும், கடைசியில் கிழங்கு அழுகும்.

அழுகலுக்குச் சூடு மட்டும் காரணமில்லை. தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை தங்கும். 35 டிகிரியில் அது 7 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் மண்ணில் மக்காத சாணி கிடந்தால் கதை முடிந்தது. கிழங்கைத் தொட்டால் கொழகொழவென்று கையோடு வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதனால் வெறும் ஏரி வண்டலோ களிமண்ணோ போதும். உரம், செடி வேர் பிடித்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை ராத்திரி. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள் அல்லவா? சாமி 1981-இலேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், மலைக்கு மரம்தான் வந்தபாடில்லை. பகலெல்லாம் காய்ந்த பாறை, பொழுது சாய்ந்தபிறகும் அனலாக வீசும். மாடித் தளமும் அப்படியேதான். எனவே டப்பைத் தளத்தின்மேல் நேராக வைக்காதீர்கள். நாலு செங்கல் அடுக்கி, அடியில் காற்றோட்டம் விட்டு, அதன்மேல் வையுங்கள். கறுப்பு டப் வேண்டாம். அதுதான் கிடைத்தது என்றால் வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். அகலமும் ஆழமும் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு நல்லது. கிழங்குக்கு மேல் ஒன்றரை அடித் தண்ணீர் நின்றால் மேலே கொதித்தாலும் கீழே அவ்வளவாகத் தெரியாது. அரையடிப் பேசினில் வைத்துவிட்டு அக்னி நட்சத்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெயிலே படாமல் மறைக்கவும் கூடாது. ஐந்தாறு மணி நேர வெயில் இல்லாவிட்டால் இலைதான் வரும், பூ வராது. காலை வெயில் முழுதாக விழட்டும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் பன்னிரண்டு மணிக்குமேல் பச்சை நிழல் வலை, 50 சதவீதம், போதும்.

அப்புறம் ஈரப்பதம். இதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே தேவையில்லை. அல்லி இலை தண்ணீர்மேல் படுத்திருக்கும். சுவாசத் துளைகள் மேல்பக்கத்தில் இருந்தாலும், இழக்கிற ஈரத்தைத் தண்டு வழியாக உடனுக்குடன் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் நம் ஊர் மே மாதத்து வறண்ட காற்று ஒரு வகையில் உதவிதான். மண்பானை குளிர்வதுபோல, ஆவியாகப் போகிற தண்ணீர் டப்பின் சூட்டையும் கொண்டுபோகிறது. மழைக்கு முந்தைய புழுக்கமான நாட்களில் இது நடக்காது. அப்போது காற்றின் சூடு குறைவாக இருந்தாலும் தண்ணீர் ஆறவே ஆறாது.

வறட்சி இரண்டு இடத்தில் மட்டும் கடிக்கும். செடி நெருக்கமாகி இடமில்லாமல் இலை தண்ணீரைவிட்டு எழும்பி நின்றால், அதன் ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும், அசுவினிப் பூச்சியும் அங்கேதான் ஏறும். பழைய இலைகளைத் தண்டோடு கிள்ளிவிட்டால் சரியாகும். இரண்டாவது, தண்ணீர் இறங்குவது. கோடையில் நாளுக்கு ஒரு விரல் அகலம்கூட இறங்கும். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி நிரப்பினால் உப்பு டப்பிலேயே தங்கிவிடும். விளிம்பில் வெள்ளைக் கோடு படிவதைப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை பாதித் தண்ணீரை எடுத்துச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக விடுங்கள். ஒன்று மறக்கவேண்டாம்: மதியம் மாடி டேங்க் குழாயைத் திறந்து நேராக விடாதீர்கள். அதில் வருவது வெந்நீர். அதிகாலையில் விடுங்கள். நாலு கப்பி மீனும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கொசுவுக்குப் பண்ணை வைத்த கதையாகிவிடும்.

குளிர் ஒரு பொருட்டே இல்லை. இந்த வகைகளில் பல, பிரான்ஸில் லத்தூர்-மார்லியாக் என்ற அல்லி வளர்ப்பாளர் உருவாக்கி 1889 பாரிஸ் கண்காட்சியில் வைத்த கலப்பினங்களின் வழி வந்தவை. மேலே பனிக்கட்டி மூடினாலும் அடியில் கிழங்கு தூங்கிக்கொண்டிருக்கும். நம் மார்கழி ராத்திரியின் 18 டிகிரியில் கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். ஏலகிரியில் வைத்தால் இன்னும் மந்தமாகும்.

ரகம் தேர்ந்தெடுக்கும்போது, சூட்டு ஊரில் உருவானதை எடுப்பது புத்திசாலித்தனம். தாய்லாந்தின் வான்விசா நல்ல தேர்வு; 2010-இல் சர்வதேச அல்லிச் சங்கப் போட்டியில் பரிசு வாங்கியது, அந்த நாட்டு வெயிலும் நமக்குச் சளைத்ததல்ல. வாங்குவதற்கு ஏற்ற காலம் தை, மாசி. கோடைக்கு முன்னால் வேர் பிடித்துவிடும். அது தவறினால் ஆடியில் வாங்குங்கள். சித்திரையில் கூரியரில் வருகிற கிழங்கு வழியிலேயே பாதி வெந்துவிடும். நடும்போது கிழங்கைத் தொட்டியின் ஓரத்தில் சாய்வாக வைத்து, குருத்து நடுவை நோக்கி இருக்கட்டும். குருத்தை மண்ணால் மூடாதீர்கள்.

மதிய நிழலுக்கு வழியே இல்லை, ஆழமான டப்புக்கும் இடமில்லை என்றால், ஹார்டி வேண்டாம். நம் ஏரிகளில் வளர்கிற செவ்வல்லியை வையுங்கள். ராத்திரி பூத்துக் காலை வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும், ஆகவே வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதுதான் வசதி.