வசனம் மட்டும் எங்கே போனது?

கேள்வி: ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு மாணவர்களுக்குப் பள்ளி அரங்கில் ஒரு வரலாற்றுப் படம் போட்டுக் காட்டுவோம். சென்ற முறை அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இசை காதைப் பிளந்தது. வசனமோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. இரவுக் காட்சியெல்லாம் ஒரே சாம்பல். அரை மணி நேரத்தில் பாதிப் பேர் அரட்டையில் இறங்கிவிட்டார்கள். இந்த முறை வரலாற்றுப் படமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?
- ஒரு வரலாற்று ஆசிரியை

பதில்: படத்தை மாற்ற வேண்டாம், கேபிளை மாற்றுங்கள். சண்டைப் படமாக இருந்தால் வசனம் கேட்காவிட்டாலும் கதை ஓடிவிடும். வரலாற்றுப் படத்தில் யார் யாருக்கு மகன், யார் யாருடைய பகைவன் என்பதெல்லாம் பேச்சில்தான் வருகிறது. அது கேட்காதபோது பிள்ளைகள் அரட்டை அடிக்காமல் வேறென்ன செய்வார்கள்?

நீங்கள் சொல்லும் அறிகுறிக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் இடது, வலது என்று இரண்டு ஒலிகள் வருகின்றன. இசை இரண்டிலும் வேறு வேறாக இருக்கும். வசனம் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும். மிக்சரில் (ஒலிகளைச் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) மைக் செருகும் மூன்று முள் துளையோ, இரண்டு கருப்பு வளையம் உள்ள ஜாக்கோ, வருகிற இரண்டு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வயர் வழியில் சேரும் இரைச்சலை நீக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கும் வசனத்தையும் அது இரைச்சல் என்றே கழித்துவிடும். மிஞ்சுவது இசைதான்.

ஆகவே ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக்கும், மறுமுனையில் தனித்தனியாக இரண்டு 6.35 மில்லிமீட்டர் மோனோ ஜாக்குகளும் உள்ள கேபிளை வாங்குங்கள். இரண்டையும் மிக்சரின் இரண்டு லைன் துளைகளில் செருகுங்கள், மைக் துளையில் வேண்டாம். அதற்குப் பிறகும் பேச்சு மங்கலாகவே இருந்தால் படத்தின் ஒலித்தடம் 5.1 ஆக, அதாவது பேச்சைத் தனி நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும் வகையாக, இருக்கலாம். பிளேயரில் ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். உதடு அசைந்த பிறகு குரல் வந்து சேரும். ஸ்பீக்கர்களைத் திரையின் இருபுறமும், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே, அவர்களை நோக்கித் திருப்பி வையுங்கள்.

அடுத்தது இருட்டு. புரொஜெக்டரால் கருப்பைக் காட்ட முடியாது. ஒளி விழாத இடம்தான் கருப்பு. ஜன்னல் வழியே திரையில் வெளிச்சம் விழுந்தால், படத்தின் கருப்பு அந்த வெளிச்சத்தின் நிறத்தில்தான் தெரியும். தீப்பந்த வெளிச்சத்தில் நடக்கும் அந்தரங்க ஆலோசனை எல்லாம் சாம்பலாவது இதனால்தான். விலை கூடிய புரொஜெக்டரைத் தேடுவதைவிட, திரைக்கு எதிரிலும் பக்கத்திலும் உள்ள ஜன்னல்களைக் கருப்புச் சார்ட் தாளால் ஓரம் விடாமல் மூடுவது மேல். இருட்டிய அரங்கில் 8 அடி அகலத் திரைக்கு 3000 லூமென் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் தாராளம்.

திரையின் கீழ் ஓரம் தரையிலிருந்து 4 அடியாவது உயர்ந்திருக்கட்டும். சப்டைட்டில் அங்கேதான் வரும். முன்னால் இருப்பவரின் தலை அதை மறைத்தால் எட்டிப் பார்ப்பதும் சலசலப்பும் தொடங்கிவிடும். முன்வரிசையைத் திரையிலிருந்து 10 அடி தள்ளித் தரையில் உட்கார வையுங்கள். அதன் பின்னால் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. கடைசி வரிசை 30 அடிக்குள் முடியட்டும்.

முந்தைய நாளே அதே லேப்டாப், அதே கேபிள், அதே அரங்கு என்று பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஸ்ட்ரீமிங் படங்களில் ஒலி மட்டும் வந்து திரை கருப்பாகவே நிற்பதுண்டு. படத்தை நகலெடுக்க விடாத பாதுகாப்பை, லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் சேர்க்கும் பழைய இணைப்போ அடாப்டரோ ஏற்கவில்லை என்று பொருள். வீட்டுக் கணக்கில் எடுத்த சந்தா பெரும்பாலும் வீட்டில் பார்ப்பதற்குத்தான். பள்ளியில் திரையிட அனுமதி வேண்டுமா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள். லேப்டாப் தானாக உறங்கும் அமைப்பையும் அறிவிப்புகளையும் அணைத்து வையுங்கள். நடுப்படத்தில் யாருடைய குடும்பக் குழுச் செய்தியோ திரையில் மின்னினால் அன்றைய நாயகன் அதுதான்.

படத்தை நீங்கள் முழுதாக, கடைசிக் காட்சி வரை, ஒருமுறை தனியே பாருங்கள். தலை வெட்டும் காட்சிகள் முன்னோட்டத்தில் வருவதில்லை. கொடூரமான இடங்கள் இருந்தால் முன்பே சொல்லி, வெளியே போக விரும்புகிறவர்களைப் போக விடுங்கள். மூன்று மணி நேரப் படத்துக்கு நடுவில் 15 நிமிட இடைவேளை வேண்டும். அறுபது பேர் கழிப்பறை போய் வர 5 நிமிடம் போதாது. நிறுத்தும் இடத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், வசனத்தின் நடுவில் வெட்டாதீர்கள்.

தொடங்கும் முன் 5 நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். பலகையில் ஒரு வரைபடம், வம்சாவளியில் நான்கைந்து பெயர்கள், அவ்வளவுதான். அவற்றை அழிக்காமல் விட்டுவையுங்கள். கேள்வித்தாளும் குறிப்பேடும் கண்ணில் படவே கூடாது. நேற்றுவரை அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரலாறு பேச ஆசை இருந்தால் படம் முடிந்த பிறகு காலத்துக்கு ஒவ்வாத பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கொலம்பஸ் கடல் கடந்த 1492-க்கு முன் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே நடக்கும் கதையில் மிளகாயோ தக்காளியோ உருளைக்கிழங்கோ வந்தால் அது பிழை. பிறகு, பூட்டிய அறையில் அரசனும் அமைச்சனும் தனியே பேசியதை யார் கேட்டு எழுதி வைத்தார்கள் என்று கேளுங்கள்.